துண்டுக்குள் ஒரு சம்பளப் பேச்சுவார்த்தை

உலகமெங்கும் ஐ.டி. கம்பெனிகள் ஆட்களைக் கொத்துக் கொத்தாக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்க, போடி தங்கப்பாண்டி ஏலக்காய் கம்பெனியின் ஐ.டி. துறையில் இன்றுவரை ஒருவர்கூட நீக்கப்படவில்லை. வரலாறு இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். துறையில் இருப்பதே எபனேசர் என்கிற அடியேன் ஒருவன்தான் என்பதை வரலாறு கண்டுகொள்ள வேண்டியதில்லை.

துறையின் பொறுப்புகள் பரந்தவை. ஆன்லைன் ஏலம், சர்வர், கேமரா, பில் மிஷின், முதலாளி வீட்டு டிவி, அவர் மருமகள் மறந்துபோகும் பாஸ்வேர்டு. சம்பளம் பதினாலாயிரம். துறைக்கு இதில் குறையே இல்லை. குறையெல்லாம் நான் கட்டிக்கொள்ள நினைக்கும் மகிமாவின் அப்பாவுக்குத்தான். தேனி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அவர், இருபதாயிரத்துக்குக் கீழே வாங்குகிறவனுக்குப் பெண் கிடையாது என்று சொல்லிவிட்டார். மகிமாவை விட்டுக்கொடுக்க என்னால் முடியாது. ஆகவே துறை அவசரமாகக் கூடி, ஊதிய உயர்வு கோருவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தது.

முதலாளி மாட்டுத் தரகில் தொடங்கி முன்னுக்கு வந்தவர். விலை பேசுவது மூன்றாம் ஆளுக்குத் தெரியக்கூடாது என்பது அவருடைய 'நிர்வாகக் கொள்கை'. நான் உயர்வு கேட்டதும், மாட்டுச் சந்தையில் போலவே தோளில் கிடந்த துண்டை எடுத்து எங்கள் இருவர் கைகளின் மேலும் போட்டார்.

"ம்... புடி. எத்தன வெரலு?"

விரலுக்கு ஆயிரம். அவருடைய ஐந்து விரலையும் பிடித்து, விட்டு, மறுபடி ஒன்றைப் பிடித்தேன்.

"ஏலே, காங்கேயங்காளைக்கே இம்புட்டு ஏத்த மாட்டாகளேடா!"

"காளை சர்வர் பாக்காது மொதலாளி."

"நீ ஏர் உழுவியா?"

உழவு துறையின் பொறுப்பில் வராது என்று தெரிவித்தேன். முதலாளி என் சுண்டுவிரலை நுனியில் மட்டும் பிடித்தார். அரை விரல். ஐநூறு ரூபாய்.

மறுநாள் மகிமாவின் அப்பாவே விசாரிக்க வந்துவிட்டார். "பையனுக்கு என்ன சம்பளம் குடுக்குறீக?" என்று முதலாளியிடம் நேரடியாகக் கேட்டார்.

இம்முறை துண்டு தோளை விட்டு இறங்கவில்லை. ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி முதலாளி சொன்னார்:

"அறுபதாயிரம், அண்ணாச்சி! கொச்சியிலருந்து ரெண்டு கம்பெனிக்காரக வந்து கெஞ்சுனாக. நான் விட்ருவேனா?"

சர்ச்சில் கல்யாண ஓலை வாசிக்க அங்கேயே நாள் குறிக்கப்பட்டது. மகிமாவின் அப்பா கிளம்பியதும் முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப, இந்த மாசத்துலருந்தே அறுபதா மொதலாளி?"

"கூறுகெட்டவனே, அது ஒஞ் சம்பளமா? எங் கம்பெனி மரியாதைடா!"

கல்யாணம் நடந்தது. முதல் சம்பளம் பதினாலாயிரத்து ஐநூறு மகிமாவின் கைக்குப் போன அன்றே மாமனார் என்னைத் தனியாக அழைத்தார்.

"மாப்ள, மிச்சத்தக் குடிக்கிறீகளா, சீட்டாடுறீகளா?"

"எம் மொதலாளி குடுக்குறதே அம்புட்டுத்தான் மாமா. மிச்சமெல்லாம் அவர் வாயிலதான் இருக்கு."

மாமனார் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை.

"அறுபதாயிரம் அள்ளிக் குடுக்குற மனுசரு! அவரப் போயிப் பொய்யருங்கிறீகளே, நல்லாருப்பீகளா?"