கடையைப் பார்த்துக்கொள்பவர்

நாட்டில் வேலையில்லாதவர்கள் குறைந்துவிட்டார்கள் என்ற செய்தி காலை பத்தேகாலுக்கு வானொலியில் வந்தபோது, நம்மவர் மைத்துனரின் ஹார்டுவேர் கடையில் முக்காலியில் உட்கார்ந்து, ஒரு பெரிய டப்பாவில் கலந்து கிடந்த திருகாணிகளை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

‘கடையைப் பார்த்துக்கொள்பவர்’ என்று ஓர் இனம் உண்டு, வாசகரே. கடை அவருடையதல்ல. சம்பளம் கிடையாது. ஆனால் அவருக்கு வேலையில்லை என்று எந்த அரசாங்கமும் சொல்லிவிட முடியாது. நம்மவர் வேலை பார்த்த பாட்டில் கம்பெனியை மூடியபோது, மனைவியின் அண்ணன் “வீட்ல எதுக்கு உக்காந்துருக்கணும்? கடைக்கு வாங்க மாப்ளே” என்றார். அன்று முதல் மனைவி ஊரெல்லாம் சொல்வது, “அவரு அண்ணன் கடையைப் பாத்துக்கறாரு.” ஏற்கெனவே அதை மைத்துனர் பார்த்துக்கொண்டிருந்தார், மைத்துனரின் தம்பியும் பார்த்துக்கொண்டிருந்தார். கடை எங்கே ஓடிவிடப் போகிறது?

யாராவது வந்து கதவுக் கீலுக்கு ஒரு திருகாணி கேட்டால், மைத்துனர் அளவு விசாரிப்பார், தம்பி எடுத்து வைப்பார், நம்மவர் அதைக் காகிதத்தில் மடித்து, நகைக்கடைக்காரர் மோதிரம் நீட்டுவதுபோல நீட்டுவார். ஒரு திருகாணிக்கு இவ்வளவு மரியாதை வேறெங்கே கிடைக்கும்?

போன வாரம் மைத்துனர் ஒரு வார்த்தை சொன்னார். “அந்த டப்பா முடியட்டும் மாப்ளே. உங்க விஷயமா ஒண்ணு பேசணும்.” என்ன பேசுவார் என்பது நம்மவருக்குத் தெரியாதா? வியாபாரம் படுத்துக் கிடக்கிறது. ஆகவே டப்பாவின் அடி தெரியும் ஒவ்வொரு மாலையும், யாரும் பார்க்காத நேரத்தில், பிரித்து வைத்ததில் ஒரு கைப்பிடியை அள்ளி மறுபடி டப்பாவுக்குள் போட்டுவிடுவார். சத்தம் யாருக்கும் கேட்காமல் இருக்க ஒரு இருமல்.

வானொலி ஓய்ந்ததும் மைத்துனர் ஆரம்பித்தார். “கேட்டீங்களா மாப்ளே? வெளியில வேலை கொட்டிக் கிடக்குதாம்.”

“ஆமா மச்சான், இல்லாதவங்க பாவம், பொழைச்சுக்கட்டும்” என்றார் நம்மவர், தலை நிமிராமல்.

அப்போதுதான் யாருக்கு வேலை உண்டு, யாருக்கு இல்லை என்று அரசாங்கத்துக்காகக் கணக்கெடுக்கும் பெண் படியேறி வந்தாள்.

“போன வாரம் ஒரு மணி நேரமாவது வேலை செஞ்சீங்களா சார்?” என்று நம்மவரைக் கேட்டாள்.

“ஒரு மணி நேரமா! மூச்சு விட நேரமில்லம்மா.”

அவள் முக்காலியைப் பார்த்தாள், மூவரையும் பார்த்தாள், ஆளில்லாத வாசலைப் பார்த்தாள். “இத்தனூண்டு கடைக்கு மூணு பேரா? இவரு சும்மாதான இருக்காரு?”

மைத்துனருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. “யாரம்மா சும்மா இருக்கறது? எங்க வீட்டு மாப்பிள்ளை அவரு! அவரு இல்லன்னா இந்தக் கடையே நடக்காது, எழுதிக்கோங்க!”

எழுதிக்கொண்டாள். மூன்று பேருக்கும் வேலை உண்டு. போகும்போது நம்மவரிடம் குரலைத் தாழ்த்தினாள். “இங்க ஆள் கீள் எடுப்பீங்களா சார்? எனக்கு வெள்ளிக்கிழமையோட வேலை முடியுது.”

அவள் போன பிறகு மைத்துனர் டப்பாவை எட்டிப் பார்த்தார். அடி தெரிந்தது. நம்மவருக்கு இருமல்கூட வரவில்லை. பிரித்து வைத்த குவியலில் மைத்துனரே இரண்டு கையாலும் அள்ளி டப்பாவுக்குள் கொட்டினார். பிறகு, கொட்டியவரே இருமினார்.

சிரிக்கிறீர்களா? நேற்று அனுப்பிய அறிக்கையையே இன்று எழுத்தைப் பெரிதாக்கி மறுபடி அனுப்பினீர்களே, எதற்கு? எதுவும் முடிவாகாது என்று தெரிந்த கூட்டத்துக்குப் பேனாவோடு போய் உட்கார்ந்தீர்களே? உங்கள் மேசைக்கடியிலும் ஒரு டப்பா இருக்கலாம், குனிந்து பாருங்கள். நம்மவருடைய டப்பாவில், கடை பூட்டும்போது, பாதிக்கு மேல் பிரிக்காமல் கிடந்தது.