வளர்ந்துகொண்டே போகும் மனைவி

“நல்லா பாரு. ரெண்டு வருஷம் முன்னாடி எடுத்த போட்டோவுல நீ என் மூக்கு நுனிக்கு இருக்கே. இன்னிக்கு எடுத்ததுல கண்ணுக்கு வந்துட்டே!”

போட்டோக்காரர் இரண்டு படங்களையும் ஸ்டூடியோ மேசையில் வைத்துத் தட்டினார்.

“செருப்பு உயரமா இருந்திருக்கும்,” என்றாள் அவர் மனைவி.

“ரெண்டுலயும் வெறுங்கால்! எல்லாம் அந்த ஊசி பண்ற வேலை.”

மனைவி பள்ளியில் கிளாரினெட் டீச்சர். முன்பல்லை ஊன்றி ஊதுகிற வாத்தியம் அது. ஈறு நோயால் முன்பல் ஆடத் தொடங்கியதும் பல் டாக்டரிடம் போனாள். “பல்லைப் பிடிச்சிருக்கிற எலும்பே கரைஞ்சிருக்கும்மா. உடம்புல மத்த எலும்பையும் பார்த்துடுங்க,” என்று அவர் அனுப்பிவைத்தார். பார்த்தால், அதுவும் மெலிந்திருந்தது. எலும்பு டாக்டர் ஹார்மோன் ஊசி எழுதிக் கொடுத்தார். பேனா மாதிரி இருக்கும். தினம் வயிற்றில் தானே குத்திக்கொள்ளலாம். ஆறு மாதத்தில் பல்லாட்டமும் குறைந்து, மறுபடி வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். அந்தச் சந்தோஷத்தில் எடுத்துக்கொண்ட போட்டோதான் வினையாகிவிட்டது.

“ஹார்மோன்னாலே வளர்ச்சிதானே? நிறுத்திடு.”

“பல்லு போனா வாசிப்பு போச்சு, வேலையும் போச்சு. நீங்க முதல்ல உங்க பேன்ட்டை மடிச்சுத் தைங்க. தரையைப் பெருக்கிட்டு வருது.”

சும்மா இருப்பாரா மனுஷர்? தடித்த அடி வைத்த ஷூ வாங்கி மாட்டினார். மாடிப்படியில் தடுக்கி, தொப்பென்று உட்கார்ந்தார். முதுகு பிடித்துக்கொண்டது.

அப்புறமும் குறுகுறுப்பு அடங்கவில்லை. ரெண்டு நாள் ஊசி போடாவிட்டால் என்ன ஆகிறது, பார்த்துவிடலாமே! ஃபிரிட்ஜில் இருந்த பேனாவை எடுத்து, மேலே ஃபிரீசரில் பட்டாணிப் பைக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். மறுநாள் அவள் கண்டுபிடித்தபோது அது கல்லாக இருந்தது.

“உறைஞ்சா தூக்கிப் போடணும்னு பெட்டியிலேயே எழுதியிருக்கே! இப்பதாங்க பல்லு நின்னுது...” அவள் முன்பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

போட்டோக்காரருக்கு அவமானமாகிவிட்டது. புது ஊசி எழுதி வாங்க, உடனே அவளை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஆனால் படங்களை மட்டும் மறக்காமல் பையில் வைத்துக்கொண்டார்.

நர்ஸ் படங்களைப் பார்த்துவிட்டு, மனைவியை உயரம் அளக்கும் பலகையில் ஏற்றினாள்.

“ஃபைல்ல இருக்கிற அதே உயரம்தான். ஒரு மில்லிமீட்டர்கூட ஏறல.”

“அப்போ என் போட்டோ பொய் சொல்லுதா? முப்பது வருஷத் தொழில்ம்மா இது!”

நர்ஸ் படங்களை மறுபடியும் பார்த்தாள். பிறகு அவர் முதுகைப் பார்த்தாள்.

“ஷூவைக் கழட்டிட்டு நீங்க ஏறுங்க சார். உங்க உயரம் எவ்வளவு?”

“நூத்தி எழுபத்தி நாலு. அதுல சந்தேகமே வேண்டாம்.”

அளவுக்கட்டை அவர் தலையைத் தேடிக்கொண்டு கீழே கீழே வந்தது.

“நூத்தி எழுபது. போட்டோ பொய் சொல்லல சார். அவங்க வளரல, நீங்கதான் குறைஞ்சிருக்கீங்க.”