கிணற்றைக் காத்த பலகை

மனித உயிரைக் காக்க மருந்து கண்டவர்கள் உண்டு, தடுப்பூசி கண்டவர்கள் உண்டு. வெறும் அறிவிப்பாலேயே உயிரைக் காத்த தனிப்பெருமை, கடலூர் முதுநகரில் உள்ள செண்பகா நகர் குடியிருப்போர் நலச்சங்கத்துக்கே உரியது. அதன் செயலாளர் ஞானசேகரன், முப்பத்தாறு ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் சுற்றறிக்கை எழுதி ஓய்வு பெற்றவர். எழுதி ஒட்டிவிட்டால் போதும், ஆபத்து அதைப் படித்துப் பார்த்துவிட்டு மரியாதையாக ஒதுங்கிப் போய்விடும் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை.

2009ஆம் ஆண்டின் கோடை விடுமுறைக்கு மட்டும் அவர் நாற்பத்தாறு அறிவிப்புகள் வெளியிட்டார். 'பலாச்சுளையை அளவோடு உண்க.' 'மொட்டை மாடியில் உறங்குவோர் ஓரத்தில் உருளற்க.' 'வெளியூர் செல்வோர் வீட்டைப் பூட்டிவிட்டு, தாமும் வெளியே இருப்பதை உறுதி செய்க.' இவற்றால் பிழைத்தவர்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. ஞானசேகரனுக்கு மட்டும் அதில் சந்தேகமே இல்லை.

நாற்பத்தேழாவதுதான் சிகரம். 'பூங்கா' என்று பேர் பெற்ற காலி மனையின் நடுவே, கைப்பிடிச் சுவர் இடிந்த பழைய கிணறு ஒன்று வாயைப் பிளந்து கிடந்தது. பள்ளிக்கூடம் மூடியதும் பிள்ளைகளெல்லாம் அதைச் சுற்றித்தான் பந்தடித்தார்கள். எதிர்வீட்டு ஜான்சி, பள்ளிச் சத்துணவில் வேலை பார்ப்பவள், சங்கக் கூட்டத்துக்கே வந்து கத்திவிட்டாள்.

"சார், நேத்து பந்து உள்ள போச்சு. நாளைக்கு புள்ள போவும். ஒரு மூடி போடுங்க சார்!"

கூட்டம் நெடுநேரம் சிந்தித்து, 'ஆவன செய்வது' என்று முடிவெடுத்தது. எட்டடிக்கு ஆறடி இரும்புத் தகட்டில் ஒரு எச்சரிக்கைப் பலகை தயாரானது. அதைச் செய்து தந்த வெல்டிங் பட்டறை நவ்ஷாத்துக்கு ஒரு சின்னச் சந்தேகம்.

"போர்டுக்கு இவ்ளோ பெரிய தகடு ஜாஸ்தி சார். இதையே கெணத்துக்கு மூடியா போட்டுரலாமே?"

ஞானசேகரன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "கெணத்த மூடிட்டா, அப்புறம் எதப்பத்திப்பா எச்சரிக்கிறது?"

நவ்ஷாத் தலையைச் சொறிந்துகொண்டே தகட்டுக்குக் கால்களைப் பற்றவைத்தான். பாவம், நிர்வாக அனுபவம் போதாது.

பலகைக்குத் திறப்பு விழா நடந்தது. நாடா வெட்டிய சங்கத் தலைவர் சுப்பிரமணியன், "இனி இந்தக் கிணறு பாதுகாப்பாக இருக்கும்" என்று முழங்கினார். அது முற்றிலும் உண்மை. கிணற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுவாரம் ஆடு ஒன்றுதான் உள்ளே விழுந்து செத்தது. அது பலகையைப் படிக்காமல் சென்றதை விசாரணையில் சங்கம் கண்டறிந்தது.

அந்த வாரம்தான் ஞானசேகரனின் பேத்தி, ஏழு வயது இசைவாணி, சிதம்பரத்திலிருந்து லீவுக்கு வந்திருந்தாள். சனிக்கிழமை மாலை, ஆடு தொடர்பான அவசரக் கூட்டம் அவர் வீட்டுக் கூடத்தில் நடந்துகொண்டிருந்தபோது, அவர் மனைவி ராசம்மாள் பதறியடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்னாங்க, பாப்பாவக் காணோம்! பூங்கா பக்கம் போச்சுன்னு சொல்றாங்க!"

'அங்கேதான் பலகை இருக்கிறதே' என்று ஞானசேகரன் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. செருப்புகூடப் போடாமல் ஓடினார். காலில் கருவேல முள் தைத்தது தெரியவில்லை. கடவுளே கடவுளே என்று வாய் மட்டும் அரற்றியது. தான் எழுதிய நாற்பத்தேழில் ஒரு வரிகூட அவருக்கு ஞாபகம் வரவில்லை.

பூங்காவில் பலகையைக் காணோம். கிணற்றையும் காணோம். கால்கள் அறுக்கப்பட்ட பலகை, கிணற்று வாயை முழுக்க அடைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தது. அதன் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்து இசைவாணி அஞ்சாங்கல் ஆடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஜான்சியும், கேஸ் கட்டருடன் நவ்ஷாத்தும் நின்றார்கள்.

"நாந்தான் சார் அறுக்கச் சொன்னேன்" என்றாள் ஜான்சி. "ஆடு செத்ததுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. நீங்க எழுதி வச்சதுலயே ஒரு புள்ளையக் காப்பாத்துனது இது ஒண்ணுதான். அதுவும் நிக்கிறப்ப இல்ல சார், படுத்தப்புறம்."

ஞானசேகரன் பேத்தியை வாரி எடுத்து அணைத்துக்கொண்டு அழுதார். நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம்கூட இல்லாமல் தேம்பித் தேம்பி அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் செயலாளர் ஆனார்.

அன்றிரவே அறிவிப்பு எண் நாற்பத்தெட்டு வெளியானது: 'எச்சரிக்கைப் பலகையை அதன் நோக்கத்துக்கு மாறாக, பாதுகாப்புக்குப் பயன்படுத்தியோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.'

ஞாயிற்றுக்கிழமை, சங்கத்தின் ஏகமனதான தீர்மானப்படி, பலகை புதுக் கால்களுடன் நிமிர்ந்து நின்றது. கிணறு பழையபடி திறந்தது. தெருப் பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள். விடுமுறை முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. இந்த வரலாற்று நிகழ்வை நேரில் காணும் பேறு செயலாளருக்குத்தான் வாய்க்கவில்லை. அன்று காலை முதல் பஸ்ஸிலேயே அவர் பேத்தியைச் சிதம்பரத்தில் கொண்டுபோய் விடப் புறப்பட்டிருந்தார்.