என் உள்ளங்காலைப் பார்க்க ஆள் தேவையில்லை

மொரோகோரோ,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் பெர்பெத்துவாவுக்கு, அப்பா அனத்தோலி எழுதிக்கொள்வது. நான் சுகம். அருஷாக் குளிரில் நீயும் மருமகனும் பிள்ளைகளும் இருமலில்லாமல் இருக்க ஆண்டவரைக் கேட்டுக்கொள்கிறேன். உன்னோடு வந்து இருக்கும்படி மறுபடியும் சொல்லியனுப்பியிருந்தாய். வேண்டாம் அம்மா, எனக்கு இங்கே தலைக்கு மேல் வேலை. என்ன வேலை என்று விவரமாக எழுதினால்தான் நீ நம்புவாய்.

இங்கே ஆஸ்பத்திரியில் என்னைப் போன்ற சர்க்கரை நோயாளிகளை எல்லாம் பெஞ்சில் உட்கார வைத்து நர்ஸ் யுதித்தா பாடம் எடுத்தாள். மரத்துப்போன கால் வலிக்காது, அதனால் தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டுமாம். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடியை வைத்துப் பார்க்க வேண்டுமாம். அதுவும் முடியாவிட்டால் வீட்டில் இருப்பவர்களைப் பார்க்கச் சொல்ல வேண்டுமாம். என் தொப்பை உனக்குத் தெரியாததா? கண்ணாடியை வைத்தேன், கூரைத் தகரம் தெரிந்தது, என் மூக்குத் துவாரம் தெரிந்தது, பாதம் மட்டும் தெரியவில்லை, நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினேன், அது கண்ணாடி மேலேயே ஏறிவிட்டது. வீட்டில் இருப்பவர் என்று பார்த்தால் ஒரு கோழிதான். உன் அம்மா இருந்தால் திட்டிக்கொண்டேயாவது பார்த்திருப்பாள். அவள் போன பிறகு என்னைத் திட்டக்கூட ஆளில்லை.

சரி என்று பக்கத்து வீட்டு ஹிதாயாவின் அம்மாவிடம் வேலிக்கு மேலே காலைத் தூக்கிக் காட்டினேன்.

"என்ன மாமா, காலைத் தூக்குறீங்க, எட்டி உதைக்கப் போறீங்களா?" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் எட்டிப் பார்த்து, "புண்ணு ஒண்ணும் இல்ல, ஆனா கழுவினா கால் மாதிரி இருக்கும்" என்றாள்.

மதியத்துக்குள் கிழவன் அடுத்தவன் பெண்டாட்டிக்குக் கால் காட்டுகிறான் என்று தெரு முழுக்கப் பேச்சு, அதனால் மறுநாள் மாமரத்தடிக்குப் போனேன், அங்கேதான் நாங்கள் குழிப்பலகையில் பாவோ ஆடுவது. தையல்காரன் குனாம்பி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு என் பாதத்தைப் பார்த்தான், பார்த்தவன் குரலைத் தாழ்த்தி, "எனக்கும் சர்க்கரைதான்யா, வீட்ல சொல்லல" என்றான். செருப்பைக் கழற்றச் சொன்னேன். விரலிடுக்கில் சீழ் பிடித்திருந்தது, அவனுக்கே தெரியாது. "நாளைக்குப் போலாம்" என்றான். "பாத்த அன்னைக்கே போவணும், நாளைங்கிற பேச்சே கிடையாது" என்று நர்ஸ் குரலில் அதட்டி இழுத்துக்கொண்டு போனேன். விரல் தப்பித்தது.

அன்றிலிருந்து ஆட்டத்துக்கு முன்னால் எல்லாரும் காலை நீட்டுகிறார்கள், நான் குனாம்பியின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பாதமாகப் பார்க்கிறேன், செருப்பைத் தட்டிவிட்டுப் போடுங்கள், வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பாருங்கள், காலுக்கு எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் கூடாது என்கிறேன். கிழவர் மஜாலிவா மீன் பொரித்த எண்ணெயைத் தடவிக்கொண்டு வந்தார், தெருநாய்கள் ஊர்வலமாகப் பின்னால் வந்தன. இப்போது எனக்கு வாத்தியார் என்றே பெயராகிவிட்டது. வாத்தியாரைக் காலை நீட்டச் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை, பொழுது சாய்ந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், நானும் கதவைத் திறந்து கோழியிடம் வந்துவிட்டேன் என்று சொல்கிறேன். தனிமை கொஞ்சம் இருக்கிறது, மறைப்பானேன். அதற்காக நீ வேலையை விட்டுவிட்டு வரவேண்டிய அவசியமில்லை.

பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம். மருமகனுக்கு என் வணக்கம். உன் குடும்பம் தழைக்கட்டும்.

உன் அப்பா,
அனத்தோலி ம்குடே

பி.கு.: இதை அருஷா பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன், இன்றிரவே உன் கைக்கு வந்துவிடும். முந்தாநாள் காலுறையைக் கழற்றும்போது அது பாதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. துணியெல்லாம் சிவப்பு. வலியே இல்லை. ஆஸ்பத்திரி பக்கம்தான், ஆனால் காலை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் அந்த பெஞ்சில் என் பக்கத்தில் யார் இருப்பார்கள்? குனாம்பியை நான் அதட்டினேனே, அப்படி என்னை அதட்ட இங்கே ஒருவருமில்லை. நாளைக் காலை பஸ்ஸிலேயே வந்துவிடு அம்மா.