சந்தனம் பூசிய மோட்டார் சைக்கிள்

காஞ்சீபுரத்துக்கு வருகிறவர்கள் வரதராஜப் பெருமாளைச் சேவித்து, தங்கப் பல்லியைத் தொட்டு, இரண்டு புடவையும் வாங்கிக்கொண்டு, ஊரில் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தாயிற்று என்று ரயிலேறிவிடுகிறார்கள். தவறு. இன்னும் ஒன்று பாக்கி. அதற்குப் பழைய மோட்டார் சைக்கிளைப் புதுப்பிப்பவர் என்று பெயர். மற்ற ஊர்களிலும் இந்த இனம் உண்டு என்று கேள்வி. ஆனால் எங்கள் சின்ன காஞ்சீபுரத்தில் வளர்வது போல இத்தனை ஆசாரத்தோடு வேறெங்கும் வளர்வதில்லை.

இவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். வீட்டில் மோட்டார் சைக்கிள் இருக்கும். இவர் நடந்துதான் போவார். திருமண் பளிச்சென்று இருக்கும், நகக்கண் கறுத்திருக்கும். "எப்போ ஸார் ஓடும்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஓடறதுக்கென்ன அவசரம்? முதல்ல எல்லாத்தையும் கழட்டிப் பார்க்கணும்" என்பார். கழற்றிப் பார்த்தாயிற்றா என்று கேட்டால், பார்த்ததில் இன்னும் கழற்ற வேண்டியது தெரிகிறது என்பார். இப்படிப்பட்டவரோடு யார் வாதாடுவது?

என் பக்கத்து வீட்டு யதிராஜன் இந்த இனத்தில் அசல் சரக்கு. பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். சீமைக்குத் திரும்பிய ஒரு என்ஜினீயர் துரை, பங்களாவின் கோழிக் கூண்டுக்குள் மூன்று வருஷம் போட்டு வைத்திருந்த மோட்டார் சைக்கிளை இவர் மாட்டு வண்டியில் ஏற்றி, மேலே ஒரு ஜமக்காளமும் போர்த்திக் கொண்டுவந்து இறக்கினார். வாசலில் வைத்தால் வெயில், கொல்லையில் வைத்தால் பனி என்று சொல்லிக் கூடத்தை ஒட்டிய அறையில் வைத்தார். அன்றைக்குப் போனதுதான், அந்த வீட்டின் நிம்மதி.

சனிக்கிழமை தோறும் வண்டிக்கு எண்ணெய் ஸ்நானம். நல்லெண்ணெய் தடவி ஊற வைத்து, வெந்நீர் விளாவி, சீயக்காய் தேய்த்து, மூன்று வருஷத்துக் கோழி எச்சத்தையும் மசகையும் போக்கி, பித்தளை பாகங்களுக்குச் சமையலறைப் புளியை உருண்டை உருண்டையாக எடுத்துப் போட்டுத் துலக்கி, கடைசியில் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரரிடம் கேட்டு வாங்கிய பட்டுக் கழிவு நூலால் ஒவ்வொரு கம்பியாகத் துடைப்பார். பருத்தித் துணி ஆகாதா? ஆகாது. அதில் ஒரு சாஸ்திரம் இருக்கிறது.

"தோல் ஸீட்டைத் தொட்டுட்டு அப்படியே உள்ளே வராதேங்கோ" என்பாள் அவர் மனைவி ஹேமாம்புஜம்.

"பட்டாலதானே தொட்டேன்? பட்டு என்னிக்கும் மடிதானே?" என்பார் யதிராஜன்.

சரஸ்வதி பூஜை வந்தது. வண்டி முழுசாக இருக்கிற வீட்டில் முன்னால் ஒரு பொட்டு வைத்தால் தீர்ந்தது. இவர் வீட்டில் வண்டி நூற்றுச் சொச்சம் உருப்படிகளாக இருந்தது. ஒன்றுக்கு வைத்து இன்னொன்றுக்கு வைக்காமல் விடலாமா? அத்தனையையும் பலகையில் பரப்பி, குழைத்த சந்தனத்தை உள்ளும் புறமும் பூசி, குங்குமம் வைத்தார். மறுநாள் விஜயதசமி. எல்லாவற்றையும் பூட்டி வீதியில் நிறுத்தி உதைத்தார். நாற்பது தரம் உதைத்தார். தெருக்கோடி வரை சந்தன வாசனை வந்தது, சத்தம் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின் சக்கரத்திலிருந்து மறுபடி கழற்ற ஆரம்பித்தார். அவர் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

தீபாவளிக்குப் பிறகு அவர்கள் பெண் வத்ஸலா தலைப்பிரசவத்துக்கு வந்தாள். வீட்டில் பிரசவத்துக்கு லாயக்கானது அந்த ஓர் அறைதான். ஹேமாம்புஜம் சத்தம் போடவில்லை.

"பத்து நாள்ல அந்த உள்ளு காலியாகணும். இல்லேன்னா இவளை முசரவாக்கத்துக்கு என் தம்பி ஆத்துக்கு அழைச்சுண்டு போயிடறேன். ஊர்ல யாராவது கேட்டா, அப்பா ஆத்துல மோட்டாருக்கு இடம் இருந்தது, பொண்ணுக்கு இல்லேன்னு நானே சொல்லிடறேன்" என்றாள்.

யதிராஜனுக்கு இது சுருக்கென்று தைத்தது. பஸ் கொட்டகையில் வேலை பார்க்கும் மெக்கானிக் தாவீதைக் கூட்டி வந்தார். தாவீது பெட்ரோல் வரும் குழாயைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

"இன்னா சாமி இது, ஓட்டையில சந்தனம் காஞ்சிக்கினு இருக்குது? பெட்ரோல் எப்டி வரும்?"

ஒரு கம்பியை விட்டுக் குத்தினான், ஊதினான், பின் சக்கரத்தை மாட்டினான். மூன்றாவது உதையில் வண்டி உறுமியது. தெருவே சிரித்து மகிழ்ந்தது. யதிராஜன் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என்ன செய்வார்? எனக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது.

அறை காலியாயிற்று, வண்டி வாசலுக்குப் போயிற்று. கார்த்திகை மாதம் ஒரு பிற்பகலில் வத்ஸலாவுக்கு வலி எடுத்தது. மருத்துவச்சி கங்கையம்மாள் இருப்பது பெரிய காஞ்சீபுரத்தில். அந்த மோட்டார் சைக்கிளை ஹேமாம்புஜம் வாய் திறந்து கௌரவித்தது அன்று ஒரு நாள்தான்.

"அதுலயே போய் உடனே புறப்படச் சொல்லுங்கோ. அவ ஜட்கால வந்துடுவா" என்றாள்.

புகை கிளம்பப் போனார். ஒரு மணி நேரம் ஆயிற்று. கங்கையம்மாளும் வரவில்லை, அவரும் வரவில்லை. உள்ளே வத்ஸலாவின் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. ஹேமாம்புஜம் என் வீட்டு வாசலுக்கே ஓடி வந்துவிட்டாள். "நீங்களாவது போங்கோ" என்றாள்.

கலியனின் ஜட்காவில் பறந்தேன். கங்கைகொண்டான் மண்டபத்தருகே, சாலையோரப் புங்க மரத்தடியில், அங்கவஸ்திரத்தை விரித்து, அதன் மேல் என்ஜின் சாமான்களை வரிசையாக அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் யதிராஜன்.

"என்ன ஸார், நின்னுடுத்தா?" என்றேன்.

"நிக்கலை. பிரமாதமா ஓடித்து" என்றார். "இவ்வளவு நன்னா ஏன் ஓடறதுன்னு ஒரு சந்தேகம். நிறுத்திப் பார்த்தேன்." பிறகு ஒரு குழாயை நீட்டினார். "இதை ஒரு நிமிஷம் பிடிச்சுக்கறேளா?"

நான் அவரை நன்றாகத் திட்டியிருக்க வேண்டும். நானும் மூன்று பிள்ளைகளைப் பெற்றவன். நியாயமாக ஜட்காவை நிறுத்தவே கூடாது. நான் இறங்கினேன்.

கலியன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "நீங்க பாத்துக்கினு இருங்க சாமி. நான் போயி அந்தம்மாவ இட்டாறேன்" என்று குதிரையைத் தட்டினான்.

கொஞ்ச நேரத்தில் ஜட்கா கங்கையம்மாளோடு எங்களைத் தாண்டிச் சின்ன காஞ்சீபுரத்துப் பக்கம் ஓடியது. நாங்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு சின்ன ஸ்பிரிங் கீழே விழுந்து உருண்டு போய்விட்டது.

விளக்கு வைக்கும் வேளைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு சேர்ந்தோம். தாயும் குழந்தையும் சௌக்கியம். ஹேமாம்புஜம் எங்களைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். "ரெண்டு பேரும் வாசல்லயே இருங்கோ" என்றாள். இருந்தோம்.

வாசகரே, நீங்களாக இருந்தால் ஜட்காவை விட்டு இறங்கியே இருக்க மாட்டீர்கள் என்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் அந்த ஸ்பிரிங் கிடைத்ததா, வண்டி மறுபடி கிளம்பிற்றா என்றுதானே இவ்வளவு நேரமும் யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள்? வத்ஸலாவுக்குப் பிறந்தது பிள்ளையா, பெண்ணா என்று நீங்கள் இன்னும் கேட்கவே இல்லையே.