பித்தப்பை இழந்த பூட்டுவேந்தன் நாற்காலிப் போர் புரிந்த கதை

வாழ்க பூட்டுவேந்தன்! அரம் தேய்த்துக் காய்த்த கரத்தினன், சாவிக்கொத்து சலசலக்கும் இடையினன், பூட்டிய கதவை இழுத்துப் பார்த்தே நம்புபவன், இழுத்துப் பார்த்த பின்னும் நம்பாதவன், பெற்ற மகள் நீட்டும் மாத்திரையையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தே விழுங்கும் ஐயப் பெருமலை; கடைத்தெருவின் கோடியில், ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அகலமுள்ள அரண்மனையில், பூட்டுகளுக்கு நடுவே தானும் ஒரு பூட்டாய் வாய் திறவாது வீற்றிருந்த அப்பெருந்தகை, வயிற்றுக்குள் பை ஒன்றை இழந்து, வாழ்வில் சாவி ஒன்றை இழந்து, பை போனால் போகட்டும் சாவியை விடேன் என்று வெண்ணெயைப் படைக்கலமாய் ஏந்தி, நாற்காலியைத் தேராய்க் கொண்டு ஆற்றிய கொடும்போர் இது. கேட்பவர் செவி கொடுக்க. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் சாப்பிட்டு முடித்துவிட்டு வருக.

பித்தப்பையே! கல்லீரலின் நிழலில் சிறு பேரிக்காய் போல் தொங்கிய பச்சைப் பெட்டகமே! நீ இருந்தவரை உன்னை ஒருவரும் நினைத்ததில்லை; நீ போன பிறகு அந்த வீட்டில் உன்னைத் தவிர வேறு பேச்சில்லை. எந்த ஆஸ்பத்திரிக் குப்பைத்தொட்டியில் கிடந்தாலும் சரி, இந்தக் கதைக்குத் துணை நில்.

பை போன விதம் இது. வலப்பக்க விலாவுக்குக் கீழ், எதிரி முகாம் இட்டதுபோல் வலி வந்து தங்கியது. அறுவை மருத்துவர் மயக்கி, துளையிட்டு, பையை எடுத்து, அதில் கிடந்த கற்களைச் சின்னப் புட்டியில் போட்டு வேந்தனிடம் நீட்டினார். கண் விழித்த வேந்தன் வலியைக் கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. புட்டியைக் குலுக்கினான்.

"இது என் வயித்துல இருந்ததுதான்னு என்ன ருசு?" என்றான்.

மருத்துவர் சிரித்தார். சிரிப்பவரை அவன் எக்காலத்தும் நம்பியதில்லை. புட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். பிற்பாடு வழக்கு வந்தால் உதவும் என்று.

துயரம் அதோடு நின்றதா? ரத்தத்திலே சர்க்கரை முன்னமே கொடி நாட்டியிருந்தது. ஆகவே ரொட்டி கூடாது, உருளைக்கிழங்கு கூடாது, இனிப்பின் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. மாவு போனால் மிச்சம் என்ன? முட்டையும் கீரையும் கொழுப்பும்தான். அந்தக் கொழுப்பைக் கரைக்கும் பித்தநீரைச் சேர்த்து வைத்து, வேளை பார்த்து அவிழ்த்துவிடும் பையோ இப்போது இல்லை. பித்தநீர் வாஷர் தேய்ந்த குழாய்போல் யாரையும் கேட்காமல் சொட்டிக்கொண்டே இருந்தது. உணவு ஆலோசனை சொல்லும் அம்மையார் கையால் அளந்து காட்டினார்: மாவைக் குறையுங்கள், கொழுப்பு சாப்பிடலாம், ஆனால் ஒரேயடியாகக் கொட்டாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளைக்குப் பிரித்துக்கொள்ளுங்கள், வயிறு பழகட்டும் என்று. வேந்தன் தலையாட்டினான். நம்பவில்லை. அந்த அம்மையார் குடையை மறந்து வைத்துவிட்டு எழுந்து போனதை அவன் பார்த்துவிட்டான். குடையைக் காக்கத் தெரியாதவர் குடலைக் காப்பாரா?

மறுபக்கத்தில் நின்றது மாப்பிள்ளையின் சேனை. மகளைக் கட்டிய அந்த மருகன், ரொட்டியைத் துறந்து, காபியிலே வெண்ணெய்க் கட்டியை மிதக்கவிட்டுக் குடித்து, தொந்தியைத் தொலைத்து, தொலைத்த தொந்தியைப் பற்றியே பேசித் திரிபவன். கொழுப்பைக் கண்டு பயப்படுகிறவன் கோழை என்பது அவன் கொள்கை. தன் பித்தப்பை பத்திரமாய் உள்ளே இருக்கும் தைரியத்தில் பேசுகிறான் என்பது அவனுக்கே தெரியாது. வேந்தன் அவனையும் நம்பவில்லை. பெண் கேட்டு வந்த அன்றே நம்பவில்லை.

இனி, சாவி போன விதம். வேந்தனின் கடையில் கழிப்பறை கிடையாது. வேண்டுமென்றால் பேருந்து நிலையத்துக்குப் போக வேண்டும். வயிறு உறுமினால் மற்ற மனிதன் என்ன செய்வான்? பக்கத்துக் கடைத் தையல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓடுவான். நம் வீரனோ, பலகையை உள்ளே இழுத்தான், ஷட்டரை இறக்கினான், இடப்பூட்டைப் பூட்டினான், வலப்பூட்டைப் பூட்டினான், நடுவிலே, தானே வார்த்துத் தானே அரத்தால் ராவி, என் சாவியில்லாமல் இதை எமன் வந்தாலும் திறக்க முடியாது என்று தெருவுக்கே சவால் விட்டிருந்த தன் பெரும்பூட்டைப் பூட்டினான், ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தான், நடந்தான், திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்த்தான். இத்தனைக்கும் வயிறு காத்திருக்குமா? காத்திருக்கவில்லை. கடைத்தெரு நடுவில், காய்கறிக் கூடைகளுக்கிடையில் நிகழ்ந்ததை இங்கே விவரிப்பதற்கில்லை. அந்தக் கால்சட்டையைத் துவைக்கவில்லை, தூக்கி எறிந்தார்கள்.

அன்றே மனைவி கடைச் சாவியைப் பறித்துத் தன் இடுப்பில் செருகினாள். உலகத்துப் பூட்டையெல்லாம் திறப்பவன் தன் கடைப் பூட்டைத் திறக்க மாட்டானா என்று கேட்கலாம். அங்கேதான் விதி அவன் கழுத்தைப் பிடித்தது. சாவியில்லாமல் அதைத் திறந்தால், திறக்க முடியாத பூட்டு என்ற பேர் போகும். திறக்க முயன்று தோற்றால், திறக்கத் தெரிந்த கை என்ற பேர் போகும். தான் செய்த பூட்டுக்குத் தானே கைதியாகிக் கிடந்தான் வேந்தன்.

கிடந்தவன் கெஞ்சினான், முறைத்தான், சாப்பாட்டின் முன் மௌனம் காத்தான். கடைசியில் மனைவி, கையில் கரண்டியோடு கூடத்தின் நடுவே நின்று அறிவித்தாள்:

"நாளைக்கு மத்தியானம் நான் போடறத சாப்பிடுங்க. எதிர் ஸ்கூல்ல சாயங்கால மணி அடிக்கிற வரைக்கும் இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கக் கூடாது. எந்திரிக்கலேன்னா சாவி உங்களுது. எந்திரிச்சீங்க, கடைய அந்த செல்போன்காரனுக்கு வாடகைக்கு விட்டுடுவேன்."

செல்போன்காரன்! பூட்டுகள் தொங்கிய சுவரில் பளபள செல்போன் உறைகள் தொங்குவதை வேந்தன் மனக்கண்ணால் கண்டான். "சரி" என்று சபதம் ஏற்றான். அந்த ஒரு சொல்லில் கூடத்துக் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது.

மறுநாள் புலர்ந்தது. மனைவி துணி உலர்த்த மாடிக்குப் போனாள். அடுப்படியிலோ, குளிர்சாதனப் பெட்டிக்குச் சங்கிலி சுற்றி ஒரு மலிவுப் பூட்டு தொங்கியது. இரண்டு வேளை வெண்ணெய் களவு போனதிலிருந்து அவள் போட்ட காவல் அது. தனக்கு மதியத்துக்கு விதிக்கப்பட்டது அவித்த முட்டையும் கீரையும் ஒரு சின்னக் கரண்டி வெண்ணெயும் என்று வேந்தன் அறிவான். அறிந்ததும் ஐயம் படமெடுத்தது. ஏன் இவள் சின்னக் கரண்டியால் போடுகிறாள்? பசியால் நான் எழட்டும் என்றுதானே? அப்போது தொழில் அறிவு அவன் காதில் ஓதியது: காய்ந்த பூட்டு முரண்டு பிடிக்கும், எண்ணெய் போட்ட பூட்டு சொன்னபடி கேட்கும். உள்ளே பையை இழந்து நிற்கும் குழாய்க்கும் அதே சட்டம்தானே? கொஞ்சமாய்ப் போடுவதால்தான் அடம் பிடிக்கிறது. நிறையப் போட்டால் அடங்கி நடக்கும்! எண்ணெய் போட்ட பூட்டு, மூடுவதைவிடத் திறப்பதைத்தான் லேசாய்ச் செய்யும் என்பதை, வாழ்நாள் முழுதும் பூட்டுக்கு எண்ணெய் போட்ட அம்மகான் அந்த ஒரு கணம் மறந்தான்.

அலமாரியில் கிடந்த மனைவியின் கொண்டை ஊசியை எடுத்தான். மலிவுப் பூட்டு வெட்கமின்றி வாய் பிளந்தது. அதைச் செய்தவனைத் திட்டிக்கொண்டே உள்ளே பாய்ந்தான். பொன்மலை போல் இருந்த வெண்ணெய்க் கட்டியை, சதுரங்க சேனையைச் சாய்க்கும் யானைபோல் சாய்த்தான். சீஸ் துண்டுகளை அடுக்கோடு வீழ்த்தினான். கிண்ணத்துப் பாலேட்டை நாவால் துடைத்துச் சூனியமாக்கினான். பிறகு பூட்டைப் பழையபடி மாட்டி, வழக்கம் மாறாமல் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் அறியாதவனாய் வந்து அமர்ந்து, அதன் மேல், காலையிலேயே வெண்ணெய் அளந்து மூடி வைத்திருந்து மனைவி போட்ட மதியச் சாப்பாட்டையும் உண்டு, நாற்காலித் தேர் ஏறினான்.

மனைவி எதிரே அமர்ந்து அவரைக்காய் நறுக்கத் தொடங்கினாள். சாட்சிக்கென்று மாப்பிள்ளை வெண்ணெய்க் காபியோடு வந்து சேர்ந்தான். வெயில் சன்னல் கம்பியில் ஏறி இறங்கியது. முதலில் ஒன்றுமில்லை. வேந்தன் முகத்தில் வெற்றிக் களை கூட வந்தது.

அப்போது, தூரத்தில் இடி உருண்டதுபோல் ஓர் ஓசை.

மனைவி வானத்தைப் பார்த்தாள். வானம் தெளிவாய் இருந்தது.

ஐயோ, அதன்பின் நடந்த போரை எந்த நாவால் உரைப்பது! காவலில்லாக் கோட்டையில் கொழுப்புச் சேனை குவிந்து நிற்க, எதிர்கொள்ள வந்த பித்தநீரோ பத்துப் பேர் கூடச் சேராத ஊர்க்காவல் போல் சிதறி ஓட, குடலெங்கும் குதிரைகள் குளம்படி புடைக்க, முரசம் அதிர, சங்கம் முழங்க, வேந்தன் நாற்காலியின் கைகளைப் பற்றினான், பல்லைக் கடித்தான், கால்மேல் கால் போட்டான், போட்ட காலை எடுத்தால் ஆபத்து என்று அறிந்து அப்படியே சிலையானான். நெற்றி வேர்வை மூக்கு நுனியில் திரண்டு நின்று, விழலாமா என்று அவனைக் கேட்டுக்கொண்டு விழுந்தது.

"என்ன மாமா, வேர்க்குது?" என்றான் மாப்பிள்ளை.

"புழுக்கம்."

"ஃபேன் ஓடுதே."

"ஓடினா ஓடட்டும். ஓட வேண்டியது ஓடட்டும்" என்றான் வேந்தன், உதடு அசையாமல்.

மாப்பிள்ளை தோளைக் குலுக்கிக்கொண்டு, கைபேசியோடு எழுந்து, வீட்டின் ஒரே கழிப்பறைக்குள் நுழைந்து தாழிட்டான். அந்தத் தாழ் ஓசை வேந்தனின் நெஞ்சில் வேலாய்ப் பாய்ந்தது. பின்வாங்கும் வழியும் அடைபட்ட படைத்தலைவனுக்குத்தான் அந்த வேதனை தெரியும். பள்ளி மணியே, அடி! அடித்துத் தொலை! எதிர்க் கட்டடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். மணியின் கயிறு அசையவில்லை.

எழுந்தான்! நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, வில்லை விட்ட அம்பாய்ப் பாய்ந்தான். கதவைத் தட்டவில்லை, கெஞ்சவில்லை. வேறொருவர் உள்ளே தாழிட்டுக்கொண்டால் திறப்பதற்கென்று, தன் வீட்டுக் கதவையும் நம்பாத அத்தீர்க்கதரிசி வெளிப்புறம் ஒரு மெல்லிய வெட்டு வைத்திருந்தான். சட்டைப்பை நாணயம் அதில் புகுந்து ஒரு சுற்றுச் சுற்றியது. கதவு திறந்தது. கைபேசியை மார்போடு அணைத்து, இன்னொரு கையால் இடுப்பு ஆடையைப் பற்றியபடி மாப்பிள்ளை எந்த மரியாதையும் இன்றி வெளியே வந்து விழுந்தான்.

கதவு சாத்திக்கொண்டது. எதிர்ப் பள்ளியில் மணி அடித்தது.

நெடுநேரம் கழித்து, வெளுத்த முகத்தோடு வேந்தன் வந்தபோது, மனைவி குளிர்சாதனப் பெட்டியருகே நின்றிருந்தாள். மலிவுப் பூட்டைத் தொட்ட விரலை முகர்ந்து பார்த்தாள்.

"பூட்டுல வெண்ணெய்" என்றாள்.

அவன் உதட்டோரத்தைப் புறங்கையால் துடைத்தான்.

"நான் போட்டதோட நிறுத்தியிருந்தா ஜெயிச்சிருப்பீங்க. எண்ணி எண்ணிப் போட்டவ கிறுக்கியா? ஒரு வாரமா அந்த அளவுல வயிறு அடங்கித்தானே இருந்துச்சு?"

அவன் யோசித்தான். இருந்தது. அதைக்கூட அவன் நம்பியிருக்கவில்லை.

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தான். மாமியார் பார்த்த பார்வையில் காபிக் கோப்பையைக் கழுவப் போனான்.

"செல்போன்காரன வரச் சொல்லவா?" என்று கேட்டாள். வேந்தன் கண்கள் தரையில் பதிந்தன. அரம் பிடித்த விரல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. அதைப் பார்த்தவள் பெருமூச்சு விட்டு, விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தாள்.

"கேளுங்க. அன்னிக்குத் தெருவுல உங்கள கவுத்தது வயிறு இல்ல. பூட்டு. தையல்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருந்தா நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பீங்க. அந்த வார்த்தைய சொல்றேங்கறதா இருந்தா, இந்தாங்க சாவி."

"அவன் ஊசிய விட்டு என் பூட்ட நோண்டுவான்."

"நோண்டட்டுமே. எமனே வந்தாலும் திறக்க முடியாதுன்னீங்களே."

எத்தனையோ பூட்டுகளை வென்றவன் அந்த இடத்தில் பூட்டுண்டு நின்றான். சின்னக் கரண்டி அளவுக்கும் அந்த வார்த்தைக்கும் சேர்த்துத் தலையசைத்துச் சாவியை வாங்கிக்கொண்டான்.

அடுத்த நாள் காலை, கடைத்தெரு வியக்க, பெரும்பூட்டு கடகடவென்று திறந்தது. ஷட்டர் வெற்றிமுரசாய் மேலேறியது. கீரையும் முட்டையும் அளந்த வெண்ணெயும் உண்டு, அளவான வயிற்றோடு வேந்தன் அரியணையில் அமர்ந்தான். வெயில் ஏறியதும் உள்ளே மெதுவாய், மரியாதையாய், ஓர் அழைப்பு வந்தது. அவன் பலகையைப் பார்த்தான், ஷட்டரைப் பார்த்தான், பூட்டுகளைப் பார்த்தான். கை தானாக நடுப்பூட்டை நோக்கி நீண்டது, நீண்ட கையை மறு கை பிடித்து நிறுத்தியது. வாழ்நாள் ஐயமெல்லாம் ஒருபுறமும் வயிறு மறுபுறமுமாய் நின்று கயிறு இழுக்க, தொண்டைக் கோட்டையின் துருப்பிடித்த தாழ் கிறீச்சிட, உலகமே மூச்சடக்கி நிற்க, பூட்டுவேந்தன் பக்கத்துக் கடைப் பக்கம் திரும்பி வாய் திறந்தான்.

"தம்பி, கடையக் கொஞ்சம் பாத்துக்க, வந்துடறேன்" என்று தையல்காரரிடம் சொல்லிவிட்டு, பூட்டுக்காரர் பேருந்து நிலையத்துக்குப் போனார்.