ஊற்றுக்கு நேரம் பார்த்துப் போன கதை

பயந்தவனுக்குப் படிப்பும் இல்லாவிட்டால் எந்த அறிவித்தலையும் இரண்டு தரம் வாசிப்பான். இரண்டு தரமும் பிழையாகவே வாசிப்பான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்.

சுவிஸில் நாங்கள் இருக்கும் கூர் நகரத்திலிருந்து ரயிலும் பஸ்ஸுமாகப் போனால், தேசியப் பூங்காவை ஒட்டிய பள்ளத்தாக்கில் ஓர் ஊற்று இருக்கிறது. நினைத்தால் பாயும், நினைத்தால் நிற்கும். நிலத்திலிருந்து வெந்நீர் பீச்சுமே கெய்சர், அது மாதிரித்தான், சூடு மட்டும் இல்லை. டிவியில் அதைக் கண்ட நாளிலிருந்து என் மனைவி வசந்தி, "ஒருக்காப் போய்ப் பாப்பமே?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். வழுக்கும், மழை வரும், கடைசி பஸ் போய்விடும் என்று பதினொரு கோடைகளைக் கடத்தினேன். பன்னிரண்டாவது கோடைக்கு அவள் இல்லை.

சாம்பலை ஓடுகிற தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். அந்த ஊற்றிலேயே கரைப்போம் என்று நானும் மகள் ஆரணியும் புறப்பட்டோம். (முதுகுப்பையில் குடை, மூன்று சோடி காலுறை, இருமல் மருந்து, கலசத்தில் அவள்.)

வழியில் இருந்த பலகையில் ஒரு ஜெர்மன் சொல் பிடிபட்டது: ரேகல்மேஸிக். ஒழுங்காக. வசந்தியின் இதய மாத்திரைப் பெட்டியில் தினமும் கண்ட சொல். ஒன்பது மணிக்குப் பாய்ந்ததாக, இறங்கி வந்தவர்கள் சொன்னார்கள். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கா என்றால் பன்னிரண்டுக்குத் திரும்ப வரும் என்று நானே கணக்குப் போட்டேன்.

பன்னிரண்டு போனது. இரண்டரையும் போனது. பாறைத் துவாரம் காய்ந்து கிடந்தது.

ஆரணி போனில் எடுத்திருந்த பலகைப் படத்தை நீட்டினாள். "அப்பா, சொல்லுக்கு முன்னால 'உன்' எண்டு இருக்கு."

"ஓம், கண்டனான். உன்ர எண்டு நினைச்சன்."

"ஐயோ! ஜெர்மனில 'உன்' எண்டால் இல்லை எண்டு அர்த்தம். இது ஒழுங்கில்லாமல்தான் வரும். மலைக்குள்ள ஒரு குழி இருக்கு. அது நிரம்பினாத்தான் வெளியில பாயும். எப்ப எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

நிரம்பிவிட்டதா என்று பார்க்கத் துவாரத்துக்குள் தலையை விட்டேன். கையில் மூடி திறந்த கலசம் (வந்தால் சுணங்கக்கூடாதே).

உள்ளே ஏதோ குமுறியது.

"அப்பா, விலத்துங்கோ!"

விலத்துவதற்குள் மலை என் முகத்தில் கொட்டியது. மூக்குக்கண்ணாடி போனது. இடது சப்பாத்து போனது. கலசம் கையில் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. வசந்தியிடம் மன்னிப்புக் கேட்க ஒரு வசனம் பாடமாக்கி வைத்திருந்தேன். வாய் நிறையத் தண்ணீர்.

ஒற்றைச் சப்பாத்தோடு பாறையில் குந்தியிருந்து அழுதேன். ஆரணி என்னைத் துடைத்துவிட்டபடி அழுதாள். பிறகு என் கோலத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

இப்போது எந்த விசேஷத்திலும் அவள் சொல்லுவது இதைத்தான்: "அம்மா, அப்பாவைக் குளிக்க வாத்துப்போட்டுத்தான் போனவ." லாங்கன்தாலிலிருந்து வரும் மைத்துனர் விழுந்து விழுந்து சிரிப்பார். நானும் சிரிப்பேன். அந்தத் தண்ணீர் வசந்திக்கும் குளிர்ந்திருக்குமோ என்ற பயம் மட்டும் எனக்கு இன்னும் போகவில்லை.